நாலாவது ராடு மணல்

எங்கள் கிணறு ரத்தம் குடித்துவிட்டுத்தான் தண்ணீர் கொடுத்தது. இதை நான் அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. செண்பகத்தோப்புக்குப் போகிற பாதையில், மலை இறங்கி வந்து காடாக விரிகிற இடத்தில் எங்கள் மேட்டுக்காடு இருக்கிறது. என் வீட்டுக்காரர் அங்கே கிணறு வெட்டிய கோடையில், பாதி ஆழத்தில் ஒரு உருண்டைப் பாறை குறுக்கே படுத்துக்கொண்டது. ஓடை என்றைக்கோ மலையிலிருந்து உருட்டிக்கொண்டு வந்து போட்ட பாறை. கடப்பாரைக்கு அசையவில்லை. தோட்டா வைத்தார்கள். திரி எரிந்து முடிந்தும் சத்தம் வரவில்லை என்று அவர் இறங்கிப் பார்க்கப் போனார். பாதி வழியில் இருக்கும்போது வெடித்தது. வலது கையில் இரண்டு விரல் போனது. பறந்த கல்லில் ஒன்று, எங்கள் வரப்புக்குக் கிழக்கே தாழ இருக்கிற பள்ளக்காட்டில் கட்டிக் கிடந்த என் கொழுந்தனாரின் சினைமாட்டு நெற்றியில் போய் இறங்கியது. மாடு நின்ற இடத்திலேயே முழங்காலை மடித்து விழுந்தது.

கொழுந்தனார் ஓடி வந்தார். அண்ணன் கையைப் பார்த்தார். பிறகு, "அண்ணனுக்கு எட்டு விரல் மிச்சம் இருக்கு. எனக்கு மாடு மிச்சம் இருக்கா?" என்று கேட்டார். நான் அப்போது விரலில்லாத கையைச் சேலைத் தலைப்பால் சுற்றிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவர் மேல் வந்த கசப்பு எனக்குப் போகவே இல்லை. போக வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டதும் இல்லை.

பாறையை உடைத்த பிறகு வெட்டுவது சுலபமாக இருந்தது. மண் சுமந்தது நான்தான். அதனால் அந்தக் கிணற்றுக்குள் எது எதற்கு அடியில் இருக்கிறது என்பது எனக்கு மனப்பாடம். மேலே கருத்த மண். அதற்குக் கீழே கூழாங்கல் கலந்த சரளை. பிறகு வெள்ளை வெள்ளையாகச் சுக்கான்பாறை. அதற்கும் கீழே கையில் அள்ளினால் மினுக்குகிற வெள்ளை மணல். அந்த மணலில்தான் தண்ணீர் கொப்பளித்தது. இன்னும் கொஞ்சம் ஆழப்படுத்தலாம் என்று வெட்டினார்கள். காவி நிறத்தில் கெட்டியான களிமண் வந்தது. அதில் நத்தை ஓடு கிடந்தது. காலில் ஒட்டினால் உரித்துத்தான் எடுக்க வேண்டும். "இதுக்குக் கீழ ஒண்ணும் இல்ல, போதும்" என்று நிறுத்திவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் காலமான பிறகும் அந்தக் கிணறு என்னை யாரிடமும் கை நீட்ட விடவில்லை. தென்னை வைத்தேன். ஒரு வெள்ளாமை விடாமல் எடுத்தேன். மகனை வளர்த்தேன். அவன் வளர்ந்து டிராக்டர் வாங்கி, உழவு இல்லாத நாட்களில் ஓடை மணலை அள்ளி லோடு அடித்தான். அவன் ஒருவன் மட்டும் இல்லை, சுற்றுப்பட்டில் டிராக்டர் வைத்திருந்த எல்லாரும் அடித்தார்கள். ராஜபாளையத்தில் வீடு மேல் வீடாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மணலுக்கு ஓய்வில்லை.

மழை பொய்த்த ஒரு வருசம் கொழுந்தனார் பள்ளக்காட்டில் போர் போட்டார். ராஜபாளையத்திலிருந்து ரிக் வண்டி வந்தது. போர் போடுவதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். இருபதடி நீள இரும்புக் குழாய்க்கு ராடு என்று பெயர். ஒரு ராடு இறங்கி முடிந்ததும், காற்று மேலே தள்ளிய மண்ணில் ஒரு கூடை அள்ளித் தனியாகக் குவித்து வைப்பார்கள். அடுத்த ராடுக்கு அடுத்த குவியல். குழி முடியும்போது பூமியின் வயிறு முழுக்க வரிசையாக வெளியே உட்கார்ந்திருக்கும். எங்கள் பக்கம் யாரும் அடிக்கணக்கு சொல்வதில்லை. சம்பந்தம் பேசப் போன இடத்தில்கூட "உங்க போர்ல எந்த ராடுல தண்ணி?" என்றுதான் கேட்பார்கள்.

கொழுந்தனாருக்கு நாலாவது ராடில் வந்தது. வெள்ளை மணலோடு தண்ணீர் பீய்ச்சி அடித்தது. நான் வரப்பைத் தாண்டிப் போய் அந்தக் குவியலில் ஒரு கை அள்ளிப் பார்த்தேன். வெள்ளை மணல். எங்கள் கிணறும் நாலு ராடு ஆழம்தான். பார்த்தவர்கள் எல்லாரும் ஒன்றைத்தான் சொன்னார்கள். இங்கேயும் நாலாவது ராடு, அங்கேயும் நாலாவது ராடு, ஒரே மணல், ஒரே ஊற்று.

அடுத்த கோடைக்குள் எங்கள் கிணறு வற்றியது. தூர் எடுக்க ஆள் விட்டேன். இறங்கினவன் வெறும் சட்டியோடு மேலே வந்தான்.

"ஊத்துக்கண்ணு செத்துப்போச்சும்மா. பக்கத்துல எவனோ குத்திட்டான்" என்றான்.

ஊற்றுக்கண் என்பது எங்கள் ஊரில் எல்லாரும் புழங்குகிற வார்த்தைதான். தண்ணீர் கசிகிற துவாரத்துக்குப் பெயர், அவ்வளவுதான். ஆனால் கண் என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் அதைக் குத்தினவன் ஒருவன் வேண்டும். என் மகன் கொட்டிலுக்குப் போனான், அரிவாளை எடுத்தான், பள்ளக்காட்டுக்குள் இறங்கினான். சித்தப்பா அப்போது அங்கே இல்லை. இருந்திருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். ஸ்டார்ட்டர் பெட்டியைக் கொத்தினான். கேபிளைத் துண்டு துண்டாக வெட்டினான். பிறகு இளந்தென்னை ஒவ்வொன்றாகக் குருத்தில் வெட்டிக்கொண்டே போனான். தென்னையைக் குருத்தில் வெட்டினால் அது குழந்தையின் கழுத்தில் வெட்டினது மாதிரி. மறுபடி துளிர்க்காது. வெட்டும்போது ஒரு சத்தம் வரும், தண்ணீர்ப் பானை உடைகிற சத்தம். மேட்டில் நின்ற எனக்கு அது வரிசையாகக் கேட்டது.

கொழுந்தனாருக்கு ஒரே மகன். ராஜபாளையத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். சேதி கேட்டு வந்து சேர்ந்தவன் பேச்சுக் கொடுக்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் என் மகனைப் பின்னாலிருந்து பிடித்து, பைப் ரெஞ்சால் மண்டையில் ஒரே போடு போட்டான். விழுந்தவனைத் திருப்பிப் போட்டு இன்னொன்று. அது காதில் விழுந்து பாதிக் காது தொங்கியது. நான் போய்ச் சேர்ந்தபோது என் மகன் ரத்தத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணன் தம்பி உறவு இம்புட்டுத்தான் பெரியம்மா. அடுத்த தடவ வரப்பத் தாண்டுனான்னா தலையத் தனியா தூக்கிட்டுப் போக ஆள் கூட்டிட்டு வாங்க" என்றான் கொழுந்தன் மகன். அதைக் கோபத்தில் சொல்லவில்லை. பட்டறையில் கூலி பேசுகிற குரலில் சொன்னான். அதனால்தான் நான் நம்பினேன்.

ராஜபாளையத்து ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக் கூட்டி வந்தேன். காது கோணலாக ஒட்டிக்கொண்டது. கட்டுப் பிரிப்பதற்கு முன்பே என் மகன் அரிவாளைச் சாணை பிடித்துக்கொண்டு வந்துவிட்டான். மருமகள் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். நான் அவனை உட்காரவைத்துப் பேசினேன்.

"ஏலே, தண்ணிய அவிய எடுத்தது நெசம்னா கோர்ட்டு சொல்லட்டும். கேஸ் போடுதேன். அதுவரைக்கும் அருவா கொட்டில் கூரைய விட்டு இறங்கப்படாது."

"கோர்ட்டு ஆமான்னு சொல்லிட்டா?"

"அத அப்பப் பாப்போம்."

"அப்பப் பாக்க ஒண்ணும் இல்லம்மா. அவன் போரு நம்ம தண்ணியத்தான் எடுக்குன்னு வந்துட்டா, அன்னைக்கு நான் அருவாள இறக்குவேன். சித்தப்பனோட கண்ணு ரெண்டையும் தோண்டுவேன். நீ குறுக்க வரப்படாது. சத்தியம் பண்ணு."

நான் சத்தியம் பண்ணவில்லை. அவன் அதைக் கவனிக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் வக்கீல் வைத்து வழக்குப் போட்டேன். அன்றிலிருந்து எனக்கு ஒரு விசித்திரமான நிலைமை. வழக்கில் ஜெயித்தால் என் மகன் கொலைகாரன், அதற்கு மறுநாள் அவனும் பிணம். தோற்றால் என் கிணறு வறண்டது வறண்டதுதான், ஊர் சிரிக்கும். தோற்பதற்காக வழக்குப் போட்டவள் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆனாலும் உள்ளுக்குள் ஜெயிக்கத்தான் ஆசை. கொழுந்தனார் தலை குனிவதைப் பார்க்க ஆசை.

கோர்ட்டிலிருந்து இடத்தைப் பார்வையிட ஒரு வக்கீலையும், கூடவே பூமி சாஸ்திரம் படித்த ஒரு பெண்ணையும் அனுப்பினார்கள். அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். ஆம்பளை பூட்ஸ் போட்டிருந்தாள். வெளியூர்ப் பேச்சு. முதல் காரியமாக ஓடையில் ஏறி மலையடிவாரம் வரைக்கும் நடந்து போய்விட்டு வந்தாள். அடுத்து இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு என் கிணற்றுக்குள் இறங்கினாள். சுவரைச் சுரண்டிச் சுரண்டிப் பொட்டலம் கட்டினாள். மேலே வந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்து, துளி மண்ணை முன்பல்லில் வைத்துக் கடித்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "எங் கொழுந்தனாரு எங்க வாயில மண்ணப் போட்டாரு, அதுக்குக் கேஸ் போட்டுருக்கேன். நீ எதுக்குத் தாயி ஒன் வாயில நீயே போடுத?"

அவள் சிரித்துவிட்டுத் துப்பினாள். "நறநறன்னா மணல் கலந்தது, வழவழன்னா களி. கண்ணைவிடப் பல்லுக்குச் சீக்கிரம் தெரியும் பாட்டி."

"பாட்டி கீட்டின்னு சொல்லாத. பல்லு எனக்கும் அம்புட்டும் இருக்கு."

பள்ளக்காட்டுப் போரில் மோட்டாரை வெளியே எடுத்துவிட்டு, கேபிள் நுனியில் ஒரு நீளமான இரும்புக் குழலைக் கட்டி உள்ளே விட்டாள். அது இறங்க இறங்க லேப்டாப்பில் ஒரு கோடு நெளிந்துகொண்டே வந்தது. களிமண் வரும்போது கோடு ஒரு பக்கம் சாய்ந்தது, மணல் வரும்போது மறுபக்கம். கொழுந்தனார் பின்னால் நின்று எட்டிப் பார்த்து, "என்ன தாயி, என் போருக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கி போல" என்றார். அவருக்கு அன்றைக்கும் நக்கல் குறையவில்லை. அவர் மகன் ரெஞ்சைத் தோளில் சாத்திக்கொண்டு என் மகனையே பார்த்துக்கொண்டிருந்தான். என் மகன் கோணல் காதைத் தடவிக்கொண்டே அவனைப் பார்த்தான். நான் இருவரையும் பார்த்தேன்.

இரண்டு காட்டுக்கும் நடுவில், வரப்பு மேல் ஒரு சோதனைப் போர் போட வேண்டும் என்றாள் அவள். இரண்டு பக்கத்து மண்ணையும் சேர்த்துப் பார்க்க நடுவில் ஒரு சாட்சி வேண்டுமாம். அந்தச் சாட்சிக்காகத்தான் அன்றைக்கு ரத்தம் விழுந்தது.

ரிக் வண்டி வந்து வரப்பில் நிற்பதற்கே சண்டை. வரப்பு அகலம் எம்புட்டு இருக்கும், வண்டி அகலம் எம்புட்டு இருக்கும்? பின் டயர் தன் காட்டுக்குள் ஒரு முழம் வந்துவிட்டது என்று கொழுந்தன் மகன் டயர் முன்னால் படுத்துக்கொண்டான். ஏற்றிவிட்டுப் போ என்று என் மகன் டிரைவரின் சட்டையைப் பிடித்தான். டிரைவர் கையை உதறியதில் அவன் முழங்கை என் மகன் வாயில் பட்டது. என் மகன் டிரைவரை அடிக்காமல் கீழே படுத்திருந்தவன் விலாவில் மிதித்தான். இரண்டு பேரும் பள்ளக்காட்டுச் சேற்றுக்குள் உருண்டார்கள். ஒருவன் மற்றவன் முகத்தைச் சகதிக்குள் அமுக்கிப் பிடித்தான். எவன் எவன் என்று தெரியவில்லை, இரண்டு பேரும் ஒரே மண் நிறம். ரிக் ஆட்கள்தான் காலைப் பிடித்து இழுத்துப் பிரித்தார்கள். கூட வந்த வக்கீல் காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அந்தப் பெண் மட்டும் நகரவில்லை.

"முடிஞ்சுதா? குழி போடலாமா?" என்றாள்.

துளை இறங்கியது. முதல் ராடு, முதல் குவியல். கருத்த மண்ணும் சரளையும். இரண்டாவது குவியலில் கொஞ்சம்போல மினுக்குகிற மணல், அதுவும் களி கலந்து. மூன்றாவது குவியல் காவிக் களிமண். நாலாவது ராடு இறங்கும்போது சத்தம் மாறியது. எல்லார் கண்ணும் குழாய் வாயில். வெள்ளை மணல் கொட்டியது, கூடவே தண்ணீர்.

"நாலாவது ராடு" என்றான் என் மகன். திரும்பி மேட்டில் ஏறிக் கொட்டிலைப் பார்த்து நடந்தான்.

எதற்குப் போகிறான் என்பது எனக்குத் தெரியும். கொழுந்தன் மகனுக்கும் தெரியும், அவன் ரெஞ்சைக் கைமாற்றிப் பிடித்தான். நான் அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"தாயி, நீ காயிதத்துல எழுதி கோர்ட்டுல கொடுக்குறது அப்புறம். இப்ப இங்க வாயத் திறந்து சொல்லு. அந்தத் தண்ணி எங்க தண்ணியா, இல்லையா? அவன் கூரையில இருந்து அருவாள எடுத்துட்டு வாரதுக்குள்ள சொல்லணும்."

அவள் குவியல்கள் முன்னால் குத்த வைத்து உட்கார்ந்தாள்.

"இது உங்க தண்ணி இல்ல. நீங்க எல்லாரும் ராடு எண்ணிப் பாக்கறீங்க. ஒரே ஆழத்துல இருந்தா ஒரே மணல்னு அர்த்தம் இல்ல. ஒரு சுவத்துல பாதிப் பூச்சு உதிர்ந்து, அந்த ஓட்டைய வேற ஒரு கொத்தனார் வந்து பூசுறார்னு வைங்க. ரெண்டு பூச்சும் ஒரே உயரத்துலதான் இருக்கும். ஆனா ஒரே ஆள் வேலையா?"

"இல்ல" என்றார் கொழுந்தனார்.

"இந்தக் காவி மண்ணப் பாருங்க." மூன்றாவது குவியலை உடைத்து நத்தை ஓட்டை எடுத்துக் காட்டினாள். "இது ஒரு காலத்துல மேல்தரை. வெயில் பட்டு, மழை பட்டு, புல் முளைச்சு, நத்தை ஊர்ந்த தரை. அதுக்கு அப்புறம் மலையில இருந்து வெள்ளம் இறங்கி அதுமேல மணலப் போட்டது. அந்த மணல்தான் உங்க கிணத்துல இருக்கிறது. உங்க கிணத்துல காவித் தரை மணலுக்கு அடியில இருக்கு. நான் இறங்கிப் பார்த்தேன். கிழக்கே வர வர அந்த மணல் மெலிஞ்சு, இந்த வரப்புல ரெண்டாவது ராடுக்குள்ளேயே முடிஞ்சு போகுது. அவங்க போர்ல காவித் தரை மணலுக்கு மேல இருக்கு. அவங்க எடுக்கிறது அந்தத் தரைக்கும் அடியில, அதுக்கும் முந்தின காலத்து ஓடை போட்ட மணல். நடுவுல இந்தக் களி கதவு மாதிரி அடைச்சுக்கிட்டு இருக்கு. கோடும் அதையே சொல்லுது, என் பல்லும் அதையே சொல்லுது."

எனக்கு அது புரிந்தது. நான் சுமந்த மண் அல்லவா? காவிக் களியை நான் கடைசிச் சுமையாகத்தான் சுமந்தேன், மணலுக்குப் பிறகு. இங்கே மணலுக்கு முன்னால் வருகிறது. வீட்டுக்குள் நுழைந்ததும் அடுப்படி வருகிற வீடும், கடைசியில் அடுப்படி வருகிற வீடும் ஒரே வீடாக இருக்க முடியாது.

"அப்ப எங் கெணறு எப்படிச் செத்துச்சு?" என்று கேட்டேன்.

அவள் மலைப் பக்கம் கை காட்டினாள். "உங்க மணலுக்கு வாய் ஓடையில இருக்கு. மேற்க, மலையடியில. அந்த மணல் வழியாத்தான் மழைத்தண்ணி உள்ள இறங்கி உங்க கிணத்துக்கு வரணும். நான் ஓடையில நடந்து பார்த்தேன். மணலே இல்ல. களி தெரியுற மட்டும் வழிச்சு எடுத்துட்டாங்க. மழை பெஞ்சாலும் தண்ணி நிக்காம ஓடிருது."

எல்லாரும் மேட்டைப் பார்த்தார்கள். அங்கே கொட்டில் ஓரத்தில் எங்கள் டிராக்டர் நின்றது. டிரெய்லரில் பாதி இறக்காத மணல் அப்படியே கிடந்தது.

கொழுந்தனார் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக அவரை நானே வெட்டியிருப்பேன். "அப்ப ஊத்துக்கண்ணக் குத்துனது யாரு மதினி? நீங்களே சொல்லுங்க. எந் தென்ன மரம் கேக்குது, சொல்லுங்க."

என் மகன் அரிவாளோடு இறங்கி வந்துவிட்டான். கடைசிப் பேச்சு அவன் காதில் விழுந்திருக்க வேண்டும், நடை கொஞ்சம் தடுமாறியது. ஆனால் கை இறங்கவில்லை. கொழுந்தன் மகன் ரெஞ்சை ஓங்கி முன்னால் வந்தான். நான் இருவருக்கும் நடுவில் போய் என் மகனைப் பார்த்து நின்றேன்.

"ஏலே, கேட்டியா? நம்ம கெணத்தக் கொன்னது நீதான். டிராக்டர் வச்சுக் கொன்னுருக்க. ஒன் சித்தப்பன் இல்ல. அருவாளக் கீழ போடு."

"இவ பொய் சொல்லுதா. காசு வாங்கிட்டா."

"மண்ணு பொய் சொல்லுமா? நான் சொமந்த மண்ணு. கீழ போடு."

"நீயும் அவன் பக்கமா?"

"ஆமா" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவன் கை உயர்ந்தது. என் மேல். நான் பின்னால் நகரவில்லை. தைரியம் என்று நினைக்க வேண்டாம், காலில் காவிக் களி ஒட்டியிருந்தது, நகர வரவில்லை. அரிவாளின் வளைவில் வெயில் பட்டது தெரிந்தது. அப்போது பக்கவாட்டிலிருந்து ஒரு கை குறுக்கே வந்தது. கொழுந்தனார் கை. பெரிய பலசாலி இல்லை, மெலிந்த மனுசன். "மதினி மேலயாலே கை ஓங்குத" என்று கேட்டுக்கொண்டே வந்தார். கேட்டு முடிப்பதற்குள் அரிவாள் முன்கையில் இறங்கிவிட்டது. எலும்பில் மாட்டிக்கொண்டு உடனே வெளியே வரவில்லை. என் மகன் இழுத்தான். பிறகுதான் வந்தது.

ரத்தம் குவியல்கள் மேல் தெறித்தது. வெள்ளை மணலில் விழுந்தது விழுந்த மாத்திரத்தில் உள்ளே போய்விட்டது, சுவடே இல்லை. காவிக் களி மேல் விழுந்தது ஒரு சொட்டுக்கூட உள்ளே இறங்காமல் மேலேயே வட்டமாக நின்றது. அந்தப் பெண் சொன்னதில் எனக்கு ஒட்டியிருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் அதைப் பார்த்ததும் போய்விட்டது. என்ன நேரத்தில் என்ன பார்க்கிறாள் இவள் என்று நினைப்பீர்கள். கண் அங்கேதான் போனது.

அடுத்து எல்லாம் வேகமாக நடந்தது. ரெஞ்ச் என் மகன் தோளில் இறங்கியது, தோள் எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அடுத்த அடியைத் தலைக்குத்தான் ஓங்கினான். ரிக் ஆட்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து கொழுந்தன் மகன் மேல் விழுந்து அமுக்கினார்கள். மண்ணில் முகம் அழுந்திக் கிடந்தபடியே அவன் என் மகனைப் பார்த்து நிதானமாகச் சொன்னான்: "எங்கப்பன் கையி. நீ ஜெயிலுக்கே போனாலும் ஒரு நா வெளியே வருவல்ல? நான் நிப்பேன்."

கொழுந்தனாரை ரிக் வண்டியின் முன் சீட்டில் ஏற்றித்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நான் என் சேலைத் தலைப்பைக் கிழித்து அவர் கையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தேன். வழியெல்லாம் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். ஒரு இடத்தில் மட்டும், "அமுக்கிப் பிடிங்க மதினி, பழக்கம்தான உங்களுக்கு" என்றார். கை பிழைத்தது. ஆனால் விரல்கள் மடங்குவதில்லை.

கிணற்று வழக்கில் தோற்றேன். அது தோற்க வேண்டிய வழக்கு. என் மகனைப் போலீஸ் பிடித்துப் போய் உள்ளே வைத்தது, வெட்டு வழக்கு நடந்தது. என் மகனுக்கு வாதாடிய வக்கீல் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிக் கொடுத்தார்.

"நீங்கதாம்மா முக்கியமான சாட்சி. தள்ளுமுள்ளுல யார் கையில அரிவாள் இருந்துச்சுன்னு தெரியலன்னு சொல்லிருங்க. வெளிய கொண்டுவந்துருவேன்."

"வெளிய வந்தா எங்க வருவான்?"

"வீட்டுக்குத்தாம்மா."

"வீட்டுக்கு வர்ற வழியில ஒருத்தன் நிக்கானே."

வக்கீலுக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கொழுந்தன் மகன் பட்டறையைப் பூட்டிவிட்டு ஒவ்வொரு வாய்தாவுக்கும் கோர்ட்டு வாசல் டீக்கடையில் வந்து உட்கார்ந்தான். யாரிடமும் சண்டை இல்லை, சத்தம் இல்லை. டீ குடிப்பான், வாசலைப் பார்ப்பான். அவன் அப்பாவின் மடங்காத விரல்களைத் தினமும் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறவன். அந்தக் கோபம் பொய் இல்லை. என் மகனுடையது மாதிரி தப்பாக எண்ணிய ராடு இல்லை. அது ஆறுவதற்கு வருசங்கள் வேண்டும். அந்த வருசங்களை என் மகன் எங்கே கழிப்பது?

கூண்டில் ஏறினேன். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், மற்றதெல்லாம் எழுத்துக் கூட்டித்தான். ஆனால் பேசுவதற்கு எழுத்து வேண்டாம். எங்கள் வக்கீல் கேட்டார், "சண்டையை விலக்கப் போன இடத்தில் தவறுதலாகப் பட்டதுதானே அம்மா?"

"இல்ல. என் மகன் அருவாள என் மேல ஓங்கினான். வெட்டணும்னுதான் ஓங்கினான். குறுக்க வந்தவிய மேல இறங்கிச்சு. நான் பாத்தேன்."

எங்கள் வக்கீல் காகிதத்தை மேசையில் போட்டார். என் மகன் முறிந்து கோணலாகச் சேர்ந்த தோளோடு நின்று என்னைப் பார்த்தான். அரிவாளை ஓங்கியபோதுகூட அவன் கண்ணில் அப்படி ஒரு வெறுப்பு இருக்கவில்லை. நான் பார்வையை எடுக்கவில்லை. தண்டனை வந்தது. பெற்ற மகனைப் பிடித்துக் கொடுத்தவள் என்று ஊர் சொன்னது. கோவில் வாசலில் பூக்கட்டுகிறவள் எனக்குப் பூ தர மறுத்தாள். நான் அடுத்த கடையில் வாங்கிக்கொண்டேன்.

தீர்ப்பு அன்று வராந்தாவில் கொழுந்தனார் என் அருகே வந்து நின்றார். கெட்ட கையை நல்ல கையால் தாங்கியிருந்தார்.

"எம் மகன் இனி பட்டறையத் திறப்பான் மதினி" என்றார்.

"எம்புட்டு நாளைக்கு?"

"ஒங்க மகன் உள்ள இருக்குற வரைக்கும். அதுக்குள்ள நான் அவங்கிட்டப் பேசுதேன். பேசிப் பேசித்தான் கரைக்கணும்."

"பேசுங்க. அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல."

மதுரை ஜெயிலுக்கு மாசம் ஒருமுறை போகிறேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வந்து உட்காருவான், பேசமாட்டான். போன தடவை அவனே வாயைத் திறந்தான்.

"உன்ன வெட்டத்தான் ஓங்குனேன். அது பொய்யில்ல" என்றான்.

"நானும் அதத்தான சொன்னேன்."

"வெளிய வந்தா உன் வீட்டுப் பக்கம் வரமாட்டேன்."

"வராத. எங்கனயாவது இரு."

அவன் முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டான். திருப்பிக்கொள்ள அவனுக்குக் கழுத்து இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு நான் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன்.